மைலாய்டு அடக்கி அணுக்கள்

எலும்பு மஜ்ஜையில் தோன்றி, நியூட்ரோபில், மோனோசைட், டென்ட்ரைட்டிக் அணு முதலிய முதிர்ந்த வெள்ளணுக்களாகப் பரிணமிக்க வேண்டியவை, புற்றுநோய் முதலியவற்றின் தூண்டுதலால் முதிர்ச்சி எய்தாது இடைநிலையிலேயே நின்று, உடலின் எதிர்ப்புச் சக்தியை ஒடுக்கத் தலைப்படுமாயின், அவை மைலாய்டு அடக்கி அணுக்கள் எனப்படும்.

பெயரும் வரலாறும்: நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி-அணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கும் அணுக்கள் சில சுண்டெலிகளின் மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் உண்டென்பது 1980களிலேயே தெரிந்திருந்தது. இயற்கை அடக்கிகள், முதிராத மைலாய்டு அணுக்கள் என்று ஆளுக்கொரு நாமம் சூட்டியதனால் விளைந்த குழப்பம் நீங்கும்பொருட்டு, காப்ரிலோவிச், பிராண்டே முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் 'கேன்சர் ரிசர்ச்' பத்திரிகை வாயிலாக முன்மொழிந்த இப்பெயரே நிலைபெற்றது.

வகைகள்: சுண்டெலியில் இவை ஜி.ஆர்.-1, சி.டி.11பி என்னும் மேற்பரப்புக் குறிகள் இரண்டையும் ஒருங்கே தாங்குவன. நியூட்ரோபிலை ஒத்தது, மோனோசைட்டை ஒத்தது என இரு பெரும் பிரிவுகள் உண்டு; மனிதரில் இவ்விரண்டிற்கும் முற்பட்ட தொடக்கநிலைப் பிரிவு ஒன்றும் 2016-இல் வகுக்கப்பட்டது. நோயாளியின் இரத்தத்தை அடர்த்திக் கரைசலின்மேல் இட்டுச் சுழற்றினால், சாதாரண நியூட்ரோபில்கள் அடியில் படிய, முதல் வகை அடக்கிகளோ லிம்போசைட்டுகள் தங்கும் மேலடுக்கில் நின்றுவிடுகின்றன. ஆயினும் கிளர்ச்சியுற்ற நியூட்ரோபில்களும் அடர்த்தி குறைந்து அவ்வடுக்கில் நிற்கக்கூடுமாதலால், இவற்றைக் கிளர்ச்சியுற்ற நியூட்ரோபில்களே என்று கருதுவாருக்கு இது மட்டும் தக்க விடையாகாது.

செயல்முறை: புற்றுக்கட்டி சுரக்கும் ஜி.எம்.-சி.எஸ்.எஃப்., இன்டர்லூகின்-6 முதலியன மஜ்ஜையைத் தூண்டி இவற்றைப் பெருக்குவதோடு, ஸ்டாட்-3 என்னும் புரதத்தின் வழியே அவற்றின் முதிர்ச்சியையும் தடுக்கின்றன. இவ்வணுக்கள் ஆர்ஜினேஸ் என்னும் நொதியால் சுற்றுப்புறத்து ஆர்ஜினின் அமினோ அமிலத்தைச் சிதைத்துவிடவே, டி-அணு ஏற்பியின் ஸீட்டா சங்கிலி குன்றி, அவ்வணு பகையை இனங்கண்டும் பெருகமாட்டாது அயர்கிறது. நைட்ரிக் ஆக்சைடும் தீவிர ஆக்சிஜன் பொருள்களும் இவற்றின் பிற ஆயுதங்கள்.

சிகிச்சை: இவற்றை அழிப்பது, கட்டியை நாடி வாராமல் தடுப்பது, செயலை முடக்குவது, முதிரச் செய்வது என வழிகள் நான்கு. ஜெம்சிட்டாபின் மருந்து சுண்டெலிகளில் இவற்றைக் குறைத்தது. வைட்டமின் ஏ-யின் வழிப்பொருளான ரெட்டினாயிக் அமிலம், பரவிய சிறுநீரகப் புற்றுநோயாளரிடத்து இவற்றை முதிரச் செய்து எண்ணிக்கையைக் குறைத்தது. இவ்வணுக்கள் மிகுந்த மெலனோமா என்னும் தோல்புற்று நோயாளரிடத்து, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தான இப்பிலிமுமாப் குறைவாகவே பயனளிப்பதனால், அத்தகைய மருந்துகளோடு இவற்றை எதிர்க்கும் மருந்தையும் சேர்த்தளிக்கும் சோதனைகள் நடைபெறுகின்றன. இவ்வணுக்களை மட்டுமே இலக்காகக் கொண்ட மருந்து எதுவும் இன்னும் பொது வழக்கிற்கு வரவில்லை.