ஆபீஸ் விட்டபின் படித்தவர்கள்: கல்கத்தாத் தமிழரும் காஸ்டிங் பரீட்சையும்

"இந்த வருஷ மலருக்கு வரலாறு சம்பந்தமாக ஏதாவது எழுதுங்கள் சார்" என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். சோழர் கல்வெட்டு, கடல் வாணிபம் என்றெல்லாம் எழுத எனக்குப் புலமை கிடையாது; அதற்கு நம்மிடையே பேராசிரியர்கள் உண்டு. நான் நாற்பது வருஷம் கம்பெனிக் கணக்கு எழுதியவன். டைப்ரைட்டர் அடிக்க வந்த நம்மவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் நாற்காலியில் எப்படி உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்கிறேன். அதுவும் வரலாறுதான்.

நம் சங்க மேடையில் அடிக்கடி ஒரு பேச்சு வரும். "தமிழனுக்குக் கணக்கு ரத்தத்திலேயே ஊறியது" என்பார்கள், கைதட்டல் எழும். நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் ரத்தத்துக்கு வேலை இல்லை. ஒரு பரீட்சையின் விதிமுறை நமக்கு ஒத்துவந்தது, அவ்வளவுதான்.

கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்பவருக்கு இன்ன தகுதி வேண்டும் என்று முதலில் வரையறுத்தது 1913-ஆம் வருஷத்து இந்தியக் கம்பெனிச் சட்டம். மாகாண அரசுகள் சான்றிதழ் கொடுத்தன. அதில் இரண்டு வகை. ஒன்றை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் தணிக்கை செய்யலாம். மற்றொன்று அந்த மாகாணத்துக்குள்ளே, அதில் குறித்த மொழியில் மட்டும் செல்லுபடியாகும். (வெளி மாநிலத்துக்கு வந்த நம்மைப் போன்றவர்கள் கதி அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.) 1918-ல் பம்பாய் அரசு ஜி.டி.ஏ. என்ற டிப்ளமோவை ஏற்படுத்தியது. பரீட்சை எழுதி, அங்கீகாரம் பெற்ற கணக்காளர் ஒருவரிடம் மூன்று வருஷம் ஆர்ட்டிகிள் கிளார்க்காக இருந்தால் முழுச் சான்றிதழ் கிடைக்கும். 1949-ல் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சட்டம் வந்து அந்த வருஷம் ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தபோதும் இந்த ஆர்ட்டிகிள் முறை அப்படியே தொடர்ந்தது.

முட்டுக்கட்டை இங்கேதான். ஆர்ட்டிகிள் கிளார்க்காக இருப்பவர் வேறு உத்தியோகம் பார்க்கக் கூடாது. கையில் வருவதோ சொற்பம். அந்தக் காலத்தில் சேருவதற்கே பிரீமியம் என்று பணம் கட்டும் வழக்கமும் இருந்தது. வீட்டில் வசதி இருக்கவேண்டும். சேர்த்துக்கொள்ள ஆடிட்டரைத் தெரிந்திருக்கவேண்டும். தகரப் பெட்டியோடு ஹௌரா ஸ்டேஷனில் இறங்கி, முதல் மாசமே ஊருக்கு மணியார்டர் அனுப்பவேண்டியவனுக்கு அந்தக் கதவு திறக்காது. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரி 1913-ல் தொடங்கியபோது அதன் முதல் கௌரவ முதல்வராக இருந்தவர் கே.எஸ். அய்யர், அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் ஒரு அய்யர் முதல்வரானதால் ஆயிரம் குமாஸ்தாக்களுக்கு வழி பிறந்துவிடவில்லை.

வழி பிறந்தது வேறு இடத்தில், அதுவும் நம் கல்கத்தாவிலேயே. இரண்டாம் உலக யுத்த காலத்தில் சர்க்கார், ராணுவத்துக்கான சரக்குகளை அடக்க விலைக்கு மேல் இவ்வளவு லாபம் என்ற கணக்கில் வாங்கியது. அடக்க விலை என்ன என்று கம்பெனிக்காரன் சொன்னதை அப்படியே நம்ப முடியுமா? சரிபார்க்க ஆள் வேண்டியிருந்தது. அந்தச் சூழ்நிலையில் 1944-ல் காஸ்ட் அண்ட் வொர்க்ஸ் அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் ஒரு கம்பெனியாகப் பதிவாயிற்று. 1959-ல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. தலைமையகம் அப்போது சடர் ஸ்ட்ரீட்டில் இருந்தது, மியூசியத்தை ஒட்டிய தெரு. அதே தெருவில் ஒரு வீட்டில்தான் 1880-களின் தொடக்கத்தில் ரவீந்திரநாத் தாகூர் தங்கியிருந்தார். அவருக்கு அங்கே கவிதை சுரந்தது. எங்களுக்கு ஓவர்ஹெட் அப்ஸார்ப்ஷன்.

இந்த ஐ.சி.டபிள்யூ.ஏ. பரீட்சையில் ஆர்ட்டிகிள் கிடையாது. தபாலில் பாடம் வரும், விடை எழுதி அனுப்பவேண்டும், திருத்தித் திரும்ப வரும். ஜூன், டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு பரீட்சை. மெம்பர் ஆவதற்கு மூன்று வருஷ அனுபவம் கேட்டார்கள். கணக்குப் பிரிவில் பார்க்கும் உத்தியோகமே அந்த அனுபவமாகிவிடும். அதாவது, சி.ஏ. படிப்புக்குத் தடையாக இருந்த உத்தியோகம் இங்கே தகுதியாயிற்று. நம்மவர்கள் இந்தப் பக்கம் திரும்பியதற்குக் காரணம் இதுதான். ஏ.ஜி. ஆபீசில் இருந்தவர்களுக்கு எஸ்.ஏ.எஸ்., பேங்க்காரர்களுக்கு சி.ஏ.ஐ.ஐ.பி. என்று அவரவர் இலாகாவில் இதே மாதிரி ஏணிகள் இருந்தன. அவற்றைப் பற்றி ஏறியவர்கள் எழுதினால் நன்றாயிருக்கும்.

நான் 1971-ல் இருபது வயதில் இங்கே வந்தேன். டல்ஹௌசியில் ஒரு எஞ்சினீயரிங் கம்பெனியில் டைப்பிஸ்ட். லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரே அறையில் நாலு பேர். அதில் மூத்தவர் பாலக்காட்டுக்காரர். சணல் கம்பெனி ஒன்றில் ஸ்டெனோ. எல்லாருக்கும் அவர் அண்ணா. வந்த மூன்றாம் நாளே, "டைப் அடிச்சிண்டே ரிட்டயர் ஆகப் போறயா? நாளைக்கே போய் ஃபாரம் வாங்கிண்டு வா" என்று விரட்டினார். பி.காம். முடித்திருந்தேன், வாங்கி வந்தேன். பி.கே. பார், வெல்டன், பாட்லிபாய் எல்லாம் அவரிடமே இருந்தன, முனை மடங்கி, பென்சில் கோடுகளோடு.

எழுபதுகளின் கல்கத்தாவை அறிந்தவர்களுக்கு லோடுஷெட்டிங் என்றாலே போதும், விளக்கவேண்டாம். ஆபீஸ் விட்டு, டிராமில் தொங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு எட்டு மணிக்குப் புஸ்தகத்தைத் திறந்தால் பல்பு போய்விடும். அரிக்கேன் விளக்கு ஒன்று, தலை நாலு. அண்ணா தன் நோட்டில் மார்ஜினில் நேரம் குறிப்பார், "8-10 முதல் 10-40 வரை இருட்டு" என்று. எதற்கு என்று கேட்டால், "ஐடில் டைம்டா, கணக்கு வெக்க வேண்டாமா?" என்பார்.

இந்த ஐடில் டைம் எனக்கு மார்க்கையும் வாங்கிக்கொண்டு போயிற்று. 1975-ல் என்னை ஹௌராவில் இருந்த தொழிற்சாலையின் காஸ்டிங் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். ஜாப் கார்டு சரிபார்ப்பது என் வேலை. புஸ்தகம் என்ன சொல்கிறது? எதிர்பார்க்கக்கூடிய சும்மா இருப்பு நேரத்தின் கூலியை உற்பத்திச் செலவில் சேர். மின்சாரம் போவது போல எதிர்பாராமல் வருவதை லாப நஷ்டக் கணக்குக்குத் தள்ளிவிடு. ஆனால் எங்கள் தொழிற்சாலையில் மின்சாரம் தினமும் போகும். தினமும் வருவது எப்படி எதிர்பாராததாகும்? நான் ஓவர்ஹெட்டில் சேர்த்து, காரணத்தையும் பரீட்சைத் தாளில் எழுதி வைத்தேன். அந்த பேப்பரில் 38 வந்தது. நாற்பது வேண்டும். அந்த ஒரு கணக்கினால்தான் போயிற்று என்று நிரூபிக்க முடியாது, ஆனாலும் இன்று கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

மார்க் விதியைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் முழுவதற்கும் சராசரி 50. நாலு பேப்பர் குரூப் என்றால் மொத்தம் 200. எல்லாவற்றிலும் 45 வாங்கினாலும் மொத்தத்தில் அடிபட்டுப் போவோம். நம்மவர்களைக் கவிழ்த்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது விதி.

பரீட்சையை விடக் கடினமான கணக்கு ஒன்று இருந்தது. மாலை வகுப்புக்குப் போனால் ஓவர்டைம் போகும். ஓவர்டைம் போனால் மணியார்டர் இளைக்கும். அண்ணாவுக்கு ஊரில் மூன்று தங்கைகள். ஒவ்வொரு கல்யாணம் நிச்சயமாகும்போதும் ஒரு வருஷம் வகுப்பை நிறுத்திவிட்டு ஓவர்டைம் பார்ப்பார். ஒரு டிசம்பரில் கடைசி குரூப்புக்குப் பணம் கட்டிவிட்டார். வருஷக் கடைசி என்று சொல்லி அவர் கம்பெனியில் நாலு நாள் லீவு தரவில்லை. அடுத்த ஜூனில் எழுதினார், மொத்தம் 197. மூன்று மார்க். ரிசல்ட் வந்த அன்று ஒன்றும் பேசவில்லை. ராத்திரி எனக்கு ப்ராசஸ் காஸ்டிங் சொல்லிக்கொடுத்தார், வழக்கம் போல.

1978-ல் கடைசி குரூப் பாஸ் செய்தேன். படித்தது அண்ணாவின் நோட்டுகளில். ஊரிலிருந்து அப்பா, "நம்ம குடும்பத்திலே கணக்கு எப்பவும் உண்டு" என்று கார்டு எழுதியிருந்தார். அதை அண்ணாவிடம் காட்டவில்லை. அவர் அதற்குப் பிறகு இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சணல் கம்பெனி நொடித்து, பாதிப் பணத்தோடு பாலக்காடு திரும்பினார். போகும்போது நோட்டுகளை என்னிடமே விட்டுப் போனார். ரத்தத்தில் கணக்கு என்று மேடையில் யாராவது சொல்லும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். என்னை விட அவருக்குக் கணக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு நிறைய மாறிவிட்டது. 2011 திருத்தச் சட்டத்தால் இன்ஸ்டிட்யூட்டின் பெயரிலிருந்து "வொர்க்ஸ்" போய்விட்டது, இப்போது சி.எம்.ஏ. என்கிறார்கள். சி.ஏ. படிப்பிலும் மூன்று வருஷப் பயிற்சியை 2023-ல் இரண்டாகக் குறைத்தார்கள். ஆனால் வேறு முழுநேர உத்தியோகம் பார்த்துக்கொண்டே அந்தப் பயிற்சியைச் செய்ய இன்றும் முடியாது.

போன வருஷம் சங்கத்து நண்பர் ஒருவரின் பெண் வந்தாள். சால்ட் லேக்கில் வேலை, இரவில் சி.எம்.ஏ. படிப்பு. "பழைய நோட்ஸ் இருந்தா குடுங்க மாமா" என்றாள். பாடத்திட்டம் எவ்வளவோ மாறிவிட்டது, ஜி.எஸ்.டி.யெல்லாம் அதில் ஏது? ப்ராசஸ் காஸ்டிங் பகுதியை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டாள். "இந்த ஓரத்துல டைம் எழுதியிருக்கே, அது என்ன கணக்கு?" என்று கேட்டாள். சொன்னேன்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் அப்பா, தாத்தா படித்த தபால் பாடங்கள், திருத்தி வந்த விடைத்தாள்கள், ஹால் டிக்கெட்டுகள் இருந்தால் பழைய பேப்பர்காரனிடம் போடவேண்டாம். பாஸ் செய்தவர்கள் பெயர் இன்ஸ்டிட்யூட் பதிவேட்டில் இருக்கும். 197 வாங்கியவர்களைப் பற்றி வேறு எங்கும் இருக்காது. சங்க நூலகத்தில் ஒரு அலமாரி ஒதுக்கித் தருவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். அண்ணாவின் ஐந்து நோட்டுகளை முதலில் நான் கொடுத்துவிட்டேன்.