கொச்சிக் கோட்டையும் தமிழ்ச் சலவைத் தொழிலாளரும்

கொச்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோட்டையையும் கொடியையும் பற்றியே எழுதுவர். 1663இல் டச்சுக்காரர் போர்த்துக்கேசியரை வென்று கோட்டையைக் கைப்பற்றினர். 1795இல் அதனை ஆங்கிலேயர் தம் வசமாக்கினர். கொடிகள் மாறின, படைகளும் மாறின. அப்படைகளின் உடுப்பு அழுக்கடையாமலா இருந்திருக்கும்? அதனை வெளுத்தவர் யாவர் என்று வினவினால், விடை நம் தமிழரிடம் வந்து நிற்கிறது.

மட்டாஞ்சேரிக்கு மேற்கே, வெளி என்னும் இடத்திலுள்ள சலவைத் துறையை நம் சங்கத்து அன்பர்கள் அறிவர். தோபிக்கானா என்பது அதற்கு ஊரார் வழங்கும் பெயர். அங்குத் தொழில் புரியும் வண்ணார் குடும்பங்களின் முன்னோரைப் பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் தம் படையினரின் உடுப்பு வெளுப்பதற்கென்றே தமிழகத்திலிருந்து அழைத்து வந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. டச்சுப் படை போயிற்று. கோட்டையையும் 1806இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். சலவைத் தொழில் மட்டும் நின்றுவிடவில்லை. முன்பு குளங்களில் வெளுத்து வந்தவர்களுக்கு, 1976ஆம் ஆண்டில் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் இன்றுள்ள துறையைக் கட்டிக் கொடுத்தது. வண்ணார் சங்கம் அதனை நடத்தி வருகிறது.

இத்தொழிலை எளிதென நினைப்பவர் ஒருநாள் காலையில் அங்குச் சென்று காண்பாராக. நீர்த்தொட்டியும் துவைகல்லும் கொண்ட சிறு தடுப்பு ஒன்று; அதற்குள் முழங்கால் நனைய நின்று, துணியை ஓங்கி அடிக்கும் ஓசை. பின்னர் நீலம், அரிசிக் கஞ்சி. உலர்த்துவதற்குக் கவ்விகள் இல்லை. இரண்டு கயிற்றுப் புரிகளை முறுக்கிக் கட்டி, அம்முறுக்கின் இடையில் துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர். கடற்காற்று எத்துணை வலிதாக வீசினும் துணி பறப்பதில்லை. தென்னை நாட்டுக்கு ஏற்ற உத்தி! முன்னாளில் தமிழ்நாட்டு வண்ணார் சேங்கொட்டைச் சாற்றினால் துணியில் குறியிடுவர். வீட்டுக்கு ஒரு குறி. எழுத்தறியாதவர் என்று உலகம் எண்ணியவர், நூறு வீட்டுத் துணியை ஒன்றோடொன்று மயங்காமல் பிரித்துக் கொடுத்தனர். உவர்மண்ணும் வெள்ளாவியும் சவர்க்காரத்திற்கு முற்பட்டவை என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

படைக்கும் இத்தொழிலுக்கும் உள்ள தொடர்பு கொச்சியோடு முடிந்துவிடவில்லை. முதல் உலகப் போரில் இந்தியப் படையோடு பணியாற்றியவருள் ஆயுதம் ஏந்தாதவர் மட்டும் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோர். சமையற்காரர், நீர் சுமப்போர், வண்ணார், சுமைகூலிகள் எனப் பலரும் அவருள் அடங்குவர். குண்டு இவர்களையும் விட்டுவைக்கவில்லை, நோயும் அவ்வாறே. பாஸ்ரா நினைவுச்சுவரிலோ, இந்தியச் சிப்பாய்களுக்கே பெயர் பொறிக்காமல், இத்தனை பேர் என எண்ணிக்கை மட்டும் பொறித்தனர். இத்தகைய வேறுபாடுகளுக்காகக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021இல் மன்னிப்புக் கேட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றபின் வந்த மன்னிப்பு.

கொச்சியிலும் இதே கதைதான். கடற்கரையை ஒட்டியுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் 1724இல் அமைந்தது. அங்கே 104 கல்லறைகள். கற்களில் பெயர் உண்டு, பதவியும் உண்டு. அவர்தம் சட்டைக்குக் கஞ்சி போட்டவருக்குக் கல் இல்லை.

பிறரை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. ஊராருக்கு வெள்ளை உடுத்தியவரை ஊரின் ஓரத்தில் நிறுத்திய பழி நம் சமூகத்தின் மீதும் இருக்கிறது. தொழிலின் பெயரையே வசைச்சொல்லாக்கியவர்கள் நாம். அக்குடும்பங்களில் கணவன் வெளுக்க மனைவி பெட்டி போடுவதும், அந்த வருவாயில் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதும், படித்த பிள்ளை துறைக்குத் திரும்பாததும் இயல்பாகிவிட்டன. இதற்கு வருந்துவாரும் உளர், அடியேன் வருந்தவில்லை. மகன் தண்ணீரில் நிற்க வேண்டாம் என்பதற்காகத்தானே தந்தை நின்றார்? ஆனால் தந்தையின் பெயரும், அவர் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தனர் என்ற செய்தியும் அவரோடு மறைந்துவிடுமாயின், அது வேறு வகையான இழப்பாகும்.

அடுத்த ஆண்டு மலரில் இதற்கென இரண்டு பக்கம் ஒதுக்குமாறு சங்கத்தாரை வேண்டுகிறேன். முதியவர் சொல்ல, இளையவர் எழுதிக்கொள்ளலாம். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் துணி உலரக் காத்திருக்கும் நேரம் ஏராளம்.