உய்த்துணர் வினா (ஆங்கில வாசிப்புப் புரிதல்)

உய்த்துணர் வினா என்பது, ஒரு பத்தியில் நேரடியாகச் சொல்லப்படாததும், ஆனால் அதில் சொல்லப்பட்டவற்றிலிருந்து பெறப்படக்கூடியதுமான கருத்தைக் கேட்கும் வாசிப்புப் புரிதல் வினா வகை ஆகும். ஆங்கிலத்தில் இது 'இன்ஃபரன்ஸ்' வினா எனப்படுகின்றது. பள்ளித் தேர்வுகள், சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு, வங்கிப் பணித் தேர்வுகள், குடிமைப்பணித் தேர்வு, வெளிநாட்டுக் கல்விக்கான ஆங்கிலத் தேர்வுகள் ஆகியவற்றில் இவ்வகை வினாக்கள் இடம்பெறுகின்றன. இதற்கான விடை பத்தியின் எந்த ஒரு வரியிலும் அப்படியே இராது. எனினும் பத்திக்கு வெளியிலும் இராது. மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இவ்விரண்டாவது எல்லையைத் தாண்டுவதனாலேயே ஆகும்.

பெயரும் கருத்தும்

உய்த்துணர்தல் என்னும் சொல் தமிழ் இலக்கண மரபில் நெடுங்காலமாக வழங்கி வருவது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய 32 உத்திகளைக் கூறுமிடத்து 'உய்த்துணர வைப்பு' என்பதனையும் ஒன்றாகக் கூறுகின்றது. ஒரு பொருளை வெளிப்படையாகக் கூறாமல், படிப்போர் ஆராய்ந்து அறியுமாறு வைத்தல் என்பது இதன் பொருள். இந்தியத் தருக்க நூல்களில் இதற்கு நெருங்கியது அனுமானம் ஆகும். மலையில் புகை தெரிவதைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு எனத் துணிவது அதற்குரிய பழைய எடுத்துக்காட்டு. மணிமேகலையும் அனுமானத்தை அளவைகளுள் ஒன்றாகப் பேசுகின்றது.

எனவே தமிழ் மாணவருக்கு இச்செயல் புதிதன்று. சங்கப் பாடலின் உள்ளுறையைத் தமிழ் வகுப்பில் விளக்கும் அதே மாணவர், ஆங்கிலப் பத்தி என்றவுடன் வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அச்சொல் உள்ள வரியை எடுத்தெழுதும் பழக்கத்துக்கு மாறிவிடுகிறார். நேரடி வினாக்களுக்கு இம்முறை மதிப்பெண் பெற்றுத் தருவதால் இப்பழக்கம் வலுப்பெறுகின்றது. உய்த்துணர் வினாவில் இது உதவாது என்பது மட்டுமன்று, தீங்கும் செய்யும். வினா அமைப்போர், பத்தியின் சொற்களையே கொண்ட தவறான விடையொன்றைத் தெரிவுகளுள் வைப்பது வழக்கம்.

எடுத்துக்காட்டு: செஞ்சிக் கோட்டை

தனக்குத் தெரிந்த பொருளைப் பற்றிய பத்தியே மாணவரை எளிதில் ஏமாற்றும். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சியில் படிக்கும் மாணவர் ஒருவருக்குத் தேர்வில் கீழ்க்காணும் கருத்துடைய ஆங்கிலப் பத்தி வருவதாகக் கொள்ளலாம்.

"இராசகிரியின் உச்சிக்கு ஏறுவோர் இறுதியில் பாறைகளுக்கு இடையே ஆழமான பிளவு ஒன்றை அடைகின்றனர். முற்காலத்தில் அதன் மீது, வேண்டும்போது அகற்றிவிடத்தக்க பாலம் இருந்தது. மேலே நெற்களஞ்சியமும் நீர்நிலையும் அமைந்திருந்தன. 1690 இல் முகலாயப் படை தொடங்கிய முற்றுகை 1698 இல்தான் முடிவுக்கு வந்தது."

இப்பத்தியிலிருந்து எதனை உய்த்துணரலாம் என்ற வினாவுக்கு நான்கு தெரிவுகள் தரப்படுகின்றன:

அ) செஞ்சிக் கோட்டையை எவராலும் கைப்பற்ற முடியவில்லை.
ஆ) உச்சியில் இருந்தோர் வெளியுதவி இன்றியும் சிலகாலம் தாக்குப்பிடித்திருக்க முடியும்.
இ) முற்றுகையின்போது மராட்டிய மன்னர் இராசாராம் கோட்டையிலிருந்து தப்பிச் சென்றார்.
ஈ) களஞ்சியம் இல்லாதிருந்தால் முற்றுகை ஓர் ஆண்டில் முடிந்திருக்கும்.

சரியான விடை 'ஆ' ஆகும். அகற்றத்தக்க பாலம், உணவு, நீர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது இம்முடிவு கிடைக்கின்றது. மூன்றும் பத்தியில் உள்ளன. 'அ' அளவு மீறியது. முற்றுகை எவ்வாறு முடிந்தது என்பதையே பத்தி கூறவில்லை. 'ஈ' உள்ளதிலிருந்து இல்லாததற்குத் தாவுவது. ஓர் ஆண்டு என்ற அளவுக்குச் சான்று ஏதும் இல்லை.

'இ' கவனத்துக்குரியது. அது வரலாற்று உண்மை. சிவாசி 1677 இல் கைப்பற்றிய இக்கோட்டையில் அவர் மகன் இராசாராம் தங்கியிருந்ததும், கோட்டை 1698 இல் முகலாயர் வசமாகுமுன் அவர் தப்பியதும் நூல்களில் உள்ளவை. ஆயினும் இப்பத்தியில் இராசாராமின் பெயரே இல்லை. உண்மையான கூற்று என்பதற்காக அதனைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் மதிப்பெண்ணை இழக்கிறார். ஊரைப் பற்றி ஏதும் அறியாத வேறு மாவட்டத்து மாணவருக்கு இத்தெரிவால் இத்தகைய இடர் இல்லை என்பது வியப்பான செய்தியே.

செஞ்சி வட்டாரத்தில் இவ்விடர் இன்னும் ஒருபடி மேலே செல்லக்கூடும். கோட்டை என்றதும் நினைவுக்கு வருபவர் கதைப்பாடலால் புகழ்பெற்ற தேசிங்கு ராசன். அவர் ஆற்காட்டு நவாபின் படையுடன் போரிட்டு இறந்தது 1714 ஆம் ஆண்டில், அதாவது பத்தியில் கூறப்பட்ட முற்றுகை முடிந்து 16 ஆண்டுகளுக்குப் பின்னர் ஆகும். முற்றுகை என்ற சொல்லைக் கண்டதும் தேசிங்கை அதனுடன் இணைத்துப் படிப்பவர், பத்தியை வாசிக்கவில்லை. தன் நினைவை வாசிக்கிறார்.

'கூறப்படவில்லை' என்னும் விடை

ஐஎல்டிஎஸ் தேர்வில் ஒரு கூற்றைச் சரி, தவறு, கூறப்படவில்லை என மூன்றாகப் பிரிக்கும் வினா உண்டு. ஆங்கிலத்தில் 'ட்ரூ', 'ஃபால்ஸ்', 'நாட் கிவன்' என இவை தரப்படும். தவறு என்பதற்கும் கூறப்படவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு உய்த்துணர்தலுக்குச் சிறந்த பயிற்சியாகும்.

"செஞ்சி 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை" என்று ஒரு பத்தி கூறுவதாகக் கொண்டால், அத்தூண்கள் முதன்முதலில் புதுச்சேரியிலேயே நாட்டப்பட்டவை என்பது தவறு. பத்தி அதனை மறுக்கின்றது. தூண்கள் 1761 ஆம் ஆண்டுக்கு முன்பே கொண்டு செல்லப்பட்டன என்பதோ கூறப்படவில்லை. இரு வாக்கியங்கள் அடுத்தடுத்து இருப்பதால் வாசகர் மனம் அவற்றைக் காலத்தால் இணைத்துவிடுகின்றது, பத்தி இணைக்கவில்லை. அது நடந்திருக்கக்கூடியதே என்றாலும், விடை மாறாது.

மொழியால் வரும் இடர்கள்

சில தவறுகள் தருக்கத்தால் அன்றி மொழிபெயர்ப்பால் நேர்கின்றன. 'மஸ்ட் ஹேவ் கம்' என்பதும் 'ஷுட் ஹேவ் கம்' என்பதும் தமிழில் 'வந்திருக்க வேண்டும்' என்றே பெயர்க்கப்படுகின்றன. முன்னையது அவர் வந்தார் எனச் சான்றுகொண்டு துணிவது; பின்னையது பெரும்பாலும் அவர் வராமையைக் குறிப்பால் உணர்த்துவது. ஒன்றுக்கொன்று எதிரான இரு முடிவுகள் தமிழில் ஒரே உருவம் பெறுவதால், பத்தியை மனத்துக்குள் தமிழாக்கிப் படிப்பவர் இங்கே தடுமாறுவது இயல்பு.

'ஃபியூ', 'எ ஃபியூ' என்பவை மற்றோர் இணை. முன்னையது இன்மையை நோக்கிச் சாய்வது. பின்னையது உண்மையை நோக்கிச் சாய்வது. இரண்டையும் 'சில' என்று கொண்டால் ஆசிரியரின் மனநிலை பற்றிய வினாவுக்கு விடையளிக்க இயலாது. மாறாக 'ஈவன்' என்ற சொல் தமிழருக்கு எளிது. 'காவலாளிகூட வீட்டுக்குப் போய்விட்டார்' என்றால் மற்றவர்கள் முன்பே போய்விட்டனர் என்பது 'கூட' என்பதிலேயே அடங்கியுள்ளது. 'ஸ்டில்', 'அகெய்ன்', 'நோ லாங்கர்' போன்ற சிறு சொற்களும் இவ்வாறு ஒரு முன்கதையை உள்ளடக்கி நிற்பவை. அருஞ்சொற்களை மனப்பாடம் செய்வதைவிட இச்சிறு சொற்களைக் கவனிப்பது இவ்வினாக்களுக்கு மிகுதியும் பயன் தரும்.

வினாவை அடையாளம் காண்பதற்கு 'இன்ஃபர்', 'இம்ப்ளை', 'சஜெஸ்ட்', 'மோஸ்ட் லைக்லி' ஆகிய சொற்கள் உதவுகின்றன. இவற்றுள் 'இம்ப்ளை' எழுதுவோர் செய்வது, 'இன்ஃபர்' படிப்போர் செய்வது.

பயிற்சி

விடையைத் தேர்ந்த பின், அதற்குச் சான்றான வரிகளைப் பத்தியில் அடிக்கோடிட்டுக் காட்டுவது அடிப்படைப் பயிற்சி ஆகும். அவ்வரிகளை எழுதி, 'ஆகவே' என்று சேர்த்து, விடையை அதன்பின் எழுதிப் பார்க்கலாம். 'ஆகவே' பொருந்தாமல் 'ஒருவேளை' என்றே எழுத வேண்டியிருந்தால் அது ஊகம், உய்த்துணர்வு அன்று.

விலக்கிய மூன்று தெரிவுகளுக்கும் காரணம் எழுதுவது இதனினும் பயனுள்ளது. அளவு மீறியது, பத்திக்கு வெளியே உள்ளது, பத்திக்கு முரணானது, பத்தியின் சொற்களை வைத்துப் பொருளைத் திரித்தது எனப் பெரும்பாலான தவறான தெரிவுகள் சில வகைகளில் அடங்கிவிடும். 'ஆல்வேஸ்', 'நெவர்', 'ஓன்லி' போன்ற வலிய சொற்கள் கொண்ட தெரிவுகளை ஐயத்துடன் நோக்க வேண்டும். எனினும் அவற்றைக் கண்டவுடன் விலக்குக என்று பயிற்சி நிலையங்களில் சொல்லப்படும் குறுக்கு வழி எப்போதும் சரியன்று. பத்தியே அவ்வாறு உறுதியாகக் கூறியிருந்தால் அத்தெரிவே விடை.

ஒரு நாளைக்குப் பத்துப் பத்திகளை விரைந்து முடித்து மதிப்பெண் எண்ணுவதைக் காட்டிலும், ஒரு பத்தியை எடுத்து நான்கு தெரிவுகளையும் இவ்வாறு ஆராய்வது தொடக்கநிலை மாணவருக்கு ஏற்றது. வினாவைத் தாமே அமைத்துப் பார்ப்பதும் நல்லது. நம்பத்தக்க தவறான தெரிவு ஒன்றை எழுத முயன்றவர், பிறர் வைத்ததை விரைவில் கண்டுகொள்வார்.

தமிழ்நாட்டு மாணவரும் தேர்வுகளும்

தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும், 15 வயது மாணவர்களுக்கான பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டுத் திட்டத்தின் (பிசா) 2009 ஆம் ஆண்டுச் சுற்றின் விரிவாக்கத்தில் பங்கேற்றன. 2011 இறுதியில் வெளியான முடிவுகளின்படி வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337, இமாச்சலப் பிரதேசத்தினது 317 ஆகும். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் உறுப்பு நாடுகளது சராசரி 493. அடிப்படைத் தகுதியாகக் கொள்ளப்படும் இரண்டாம் நிலையைத் தமிழ்நாட்டு மாணவருள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே எட்டினர். இத்தேர்வு ஆங்கில அறிவை அளப்பதற்காக அமைந்தது அன்று. ஆனால் அந்த இரண்டாம் நிலைக்கு வேண்டிய திறன்களுள் எளிய உய்த்துணர்தலும் ஒன்று. மொழி எதுவாயினும், வரியைத் தேடி எடுப்பதற்கு அப்பால் செல்லும் பழக்கம் குறைவாக இருந்ததற்கு இது ஒரு சான்று எனலாம்.

போட்டித் தேர்வுகளில் இத்திறனின் இடம் அதன்பின் கூடியுள்ளது. குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வில் 2011 ஆம் ஆண்டு முதல் இரண்டாம் தாளில் வாசிப்புப் புரிதல் இடம்பெறுகின்றது. பத்தியிலிருந்து பெறத்தக்க மிகவும் பொருத்தமான முடிவு எது என்பது அதில் அடிக்கடி காணப்படும் வினா. 2015 முதல் இத்தாளில் 33 விழுக்காடு பெற்றால் போதும் என்றானது. ஆனால் அதனைப் பெறாதவரின் முதல் தாள் மதிப்பிடப்படுவதில்லை. பொதுச் சட்டச் சேர்க்கைத் தேர்வான கிளாட், 2020 முதல் முழுவதும் பத்திகளை அடிப்படையாகக் கொண்டதாக மாற்றப்பட்டது. அதன் ஆங்கிலப் பகுதியில் ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட பத்திகள் தரப்படுகின்றன.