புல் மூடிய ராஜதானி

அரண்மனை பார்க்கப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டு டாரா மேட்டுக்குப் போகிறவர் முதல் பத்து நிமிஷம் ஏமாந்துதான் நிற்பார். அயர்லாந்தின் ராஜாதிராஜர்கள் பட்டம் ஏற்ற இடம் அது என்று புத்தகங்கள் அவருக்குச் சொல்லியிருக்கும். டப்ளின் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 25 மைல் தொலைவில், மீத் மாவட்டத்து மேய்ச்சல் நிலங்களின் நடுவே மெல்ல உயர்கிறது அந்த மேடு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 500 அடி. மலை என்று சொல்லக் கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும். மேலே போனால் கோபுரம் இல்லை, மதில் இல்லை, உடைந்து விழுந்த தூண் ஒன்றுகூட இல்லை. புல் இருக்கிறது, புல்லை மேயும் ஆடுகள் இருக்கின்றன, வட்ட வட்டமாக வளைந்து கிடக்கும் மண் கரைகளும் பள்ளங்களும் இருக்கின்றன. அவ்வளவுதான்!

ஆனால் தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினால் சமாசாரமே வேறு. சுற்றிலும் தாழ்ந்த சமவெளியாகையால் அந்தச் சிறு மேட்டிலிருந்து பார்வை தடையில்லாமல் ஓடுகிறது. தெற்கே நீலமாய் விக்லோ மலைகள். வடமேற்கே லக்ரூ குன்றுகள். அவற்றின் உச்சியில் 5,000 ஆண்டுகளுக்கு முந்திய கல்லறைகள். வானம் வெளுத்த நாளில் அயர்லாந்தின் மாவட்டங்களில் பாதியிலாவது ஏதேனும் ஒரு மலை முகடு அங்கிருந்து கண்ணில் படும் என்று சொல்வார்கள். டாராவின் ஐரிஷ் பெயருக்கே 'நெடுந்தூரம் தெரியும் இடம்' என்று பழைய பண்டிதர்கள் பொருள் சொன்னார்கள். 'பிரித்து ஒதுக்கி வைத்த புனித இடம்' என்பது மற்றவர்கள் கூறும் பொருள். மேலே நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் பொருத்தமாகவே தோன்றும்.

இந்தப் பார்வையை நம்பியே ஒரு கதை பிறந்திருக்கிறது. கி.பி. 433-ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய இரவு. டாராவில் அரச நெருப்பு ஏற்றப்படும் வரையில் நாட்டில் வேறெங்கும் நெருப்பு எரியக் கூடாது என்பது லோயகர் மன்னனின் ஆக்ஞை. இருளில் சுமார் பத்து மைலுக்கு அப்பால், ஸ்லேன் குன்றின் மேல், திடீரென்று ஒரு தீ எழுகிறது. ஏற்றியவர் புனித பாட்ரிக். மன்னன் திடுக்கிட்டுத் தேரைப் பூட்டச் சொல்கிறான். 7-ஆம் நூற்றாண்டில் மூர்கூ என்ற துறவி எழுதி வைத்த கதை இது. நடந்ததோ இல்லையோ, ஸ்லேனில் மூட்டிய தீ டாராவில் தெரியும் என்பது மட்டும் கண்ணால் காணக்கூடிய உண்மை. கதாசிரியருக்கு இடம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

டாராவின் ஒவ்வொரு மண்மேட்டுக்கும் இப்படி ஒரு பெயரும் கதையும் உண்டு. 1830-களில் ஜார்ஜ் பெட்ரியும் ஜான் ஓடோனவனும் நில அளவைக்காக அங்கே போனபோது, இடைக்காலச் சுவடிகளில் இருந்த பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு, இது இன்னது, அது இன்னது என்று பொருத்திப் பார்த்துக் குறித்தார்கள். இணையாக நீளும் இரண்டு மண் கரைகளுக்கு 'விருந்து மண்டபம்' என்று பெயர் கிடைத்தது. நீளம் சுமார் 200 மீட்டர். எத்தனை மன்னர்கள் பந்தியில் அமர்ந்திருப்பார்கள் என்று கற்பனை பறக்கும். அது மண்டபமே அல்ல, ஊர்வலமாக உச்சிக்கு ஏறிவர அமைத்த சடங்குப் பாதை என்று ஆராய்ச்சியாளர் இப்போது கருதுகிறார்கள்.

லியா ஃபால் என்ற கல்லும் இங்கேதான் நிற்கிறது. உரிமையுள்ள அரசன் தொட்டால் அது கூவும் என்பது ஐதீகம். 1798 மே 26 அன்று ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய குடியானவர்கள் இந்த மேட்டில் தோற்று, நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அவர்களைப் புதைத்ததாகக் கருதப்பட்ட இடத்துக்கு அடையாளமாகப் பிற்பாடு அந்தக் கல்லையே பெயர்த்து நட்டார்கள். ராஜாவுக்காகக் கூவிய கல், பெயர் தெரியாத ஏழைகளின் தலைமாட்டில் நிற்கிறது! 1843 ஆகஸ்ட் 15 அன்று டானியல் ஓகானல், பிரிட்டனுடன் செய்த இணைப்பை ரத்துச் செய்யக் கோரிக் கூட்டம் போட்டதும் இங்கேதான். வந்த ஜனங்கள் பத்து லட்சம் என்றுகூட அக்காலத்தில் கணக்குச் சொன்னார்கள். அதைப் பாதியாக்கினாலும் பெரிய கூட்டம்தான். பேச்சைக் கேட்டவர்கள் முன்வரிசைக்காரர்களாகத்தான் இருக்க முடியும். மற்றவர்கள் அந்த மேட்டில் நின்றதே போதும் என்று திரும்பியிருப்பார்கள்.

இனித்தான் வருத்தமான கட்டம். 1899-இல் இங்கிலாந்திலிருந்து ஒரு கோஷ்டி மண்வெட்டியோடு வந்து இறங்கியது. இஸ்ரவேலின் காணாமற்போன கோத்திரங்களின் வாரிசுகள் ஆங்கிலேயர்களே என்பது அவர்கள் நம்பிக்கை. மோசேயின் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி டாராவில்தான் புதைந்திருக்கிறதாம்! நிலத்துக்குச் சொந்தக்காரரும் சம்மதித்துவிட்டார். 'குருமார் சபைக் கோட்டை' என்ற மண் அரணைக் கூலியாட்களை வைத்துத் தோண்டித் தள்ளினார்கள். கவிஞர் யேட்ஸ், ஜார்ஜ் மூர், பிற்காலத்தில் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரான டக்ளஸ் ஹைட் ஆகிய மூவரும் 1902-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். கிளர்ச்சி வலுத்துத் தோண்டல் நின்றது. பெட்டி கிடைக்கவில்லை. அரண் சிதைந்தது சிதைந்ததுதான்.

இங்கே ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன். அந்தக் கோஷ்டியைப் படித்துச் சிரித்த எனக்கு, சிரிப்பு அடங்கியதும் சற்று வெட்கமாக இருந்தது. கதை எழுதுகிறவனும் அதைத்தானே செய்கிறான்? பழைய மேடு ஒன்றைக் கண்டதும் சிம்மாசனத்தையும் விருந்து மண்டபத்தையும் மனத்திலே கட்டிவிடுகிறான். பிறகு அதற்குச் சாட்சி தேடுகிறான். வித்தியாசம், அவன் கையில் இருப்பது பேனா. பேனாவால் கீறினால் மண்ணுக்குக் காயம் இல்லை. பெட்ரி செய்த தவறுகளைப் பின்னால் வந்தவர்கள் திருத்த முடிந்தது. மண்வெட்டி செய்த தவறைத் திருத்த ஒருவராலும் முடியவில்லை.

1950-களில் பேராசிரியர் ஷான் ஓ ரியர்டன் அதே இடத்தைப் பொறுமையாக ஆராய்ந்தார். சிதைவுக்குத் தப்பிய மண்ணில் ரோமானியக் கண்ணாடித் துண்டுகளும் ஈய முத்திரையும் அகப்பட்டன. ரோமர் ஒருநாளும் ஆளாத தீவில் ரோமாபுரிச் சரக்கு! பெட்டியைத் தேடியவர்கள் அதன் அருமையை அறியவில்லை. அடுத்து, பக்கத்திலுள்ள 'பணயக் கைதிகளின் மேடு' 1955-இல் திறக்கப்பட்டது. அவர் 1957-இல் காலமாகிவிட, பிறர் வேலையை முடித்தார்கள். முழு அறிக்கை 2005-இல்தான் வெளிவந்தது. கைதிகள் யாரும் அங்கே இல்லை. அது 5,000 ஆண்டுப் பழமையான கல்லறை. நவம்பர்த் தொடக்கத்திலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் காலைச் சூரியன் அதன் குட்டையான நடைபாதைக்குள் நேரே நுழைகிறது. பல நூற்றாண்டுகள் கழித்து அதே மேட்டில் புதைக்கப்பட்ட ஒரு பையனையும் கண்டார்கள். பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். கழுத்தில் அம்பரும் கருமணியும் வெண்கலமும் கோத்த மாலை. எந்தக் கதையிலும் இல்லாத பையன். யாரும் அவனைத் தேடி வரவில்லை.

ஆனால் கதைப் பித்து இல்லாமற் போனால் மட்டும் மேடு பிழைத்துவிடுமா? டாராவுக்கும் கிழக்கே உள்ள ஸ்கிரீன் குன்றுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் புதிய நெடுஞ்சாலை போடத் தீர்மானித்தார்கள். தினந்தோறும் டப்ளினுக்கு வேலைக்குப் போய், வழியில் மணிக்கணக்கில் வண்டியில் தேங்கிக் கிடந்தவர்களின் அவதியும் பொய்யல்ல. கவிஞர் சீமஸ் ஹீனி உள்படப் பலர் எதிர்த்தார்கள். 2007-இல் சாலைக்கான இடத்திலேயே, லிஸ்முல்லின் என்ற ஊரில், மரக்கம்பங்கள் வட்டமாக நட்டிருந்த இரும்புக்காலச் சடங்குத் தலம் வெளிப்பட்டது; குறுக்களவு சுமார் 80 மீட்டர். அளந்தார்கள், படமெடுத்தார்கள், குறித்துக்கொண்டார்கள். பிறகு அதன் மேல் சாலை போனது. 2010-இல் திறப்பு விழாவும் நடந்தது. கோட்டை வாசலோ கோபுரமோ நின்றிருந்தால் சாலை சற்று விலகிப் போயிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மரக்கம்பம் நட்ட குழிகளுக்காக யார் வழக்காடுவது?

டாராவின் மேல் நின்று கிழக்கே பார்ப்பவருக்கு இன்று அந்தச் சாலையும் காட்சியில் ஒரு பகுதி. காற்றடிக்கும் திசையைப் பொறுத்து வண்டிகளின் இரைச்சலும் வரும். வடக்கே ஸ்லேன் குன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. தீ மூட்டினால் இன்றும் தெரியும். காலடியில் இருப்பது வெறும் புல்தரை என்று நினைத்து வந்தவர், இறங்கிப் போகும்போது அந்த மண் கரைகளை மிதிக்காமல் கொஞ்சம் சுற்றிக்கொண்டு நடந்தாரானால், டாராவைப் பார்த்துவிட்டார் என்று சொல்லலாம்.