நிறம் போனால் நீர் தூய்மையா?
ஒளிவினையூக்க நானோ துகள்களும் சாயக்கழிவும்

1. தோற்றம்

1972இல் ஃபுஜிஷிமா, ஹோண்டா என்னும் ஜப்பானியர் இருவர் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயின்மேல் புற ஊதா ஒளி பாய்ச்சி நீரைப் பிளந்ததாக அறிவித்தனர். மாசு நீக்கம் அந்த ஆய்வின் நோக்கமன்று. 1977இல் ஃபிராங்கும் பார்டும் அதே சேர்மத்தின் பொடியைக் கொண்டு நீரிலுள்ள சயனைடைச் சிதைத்தபோது, மாசு நீக்கத்துக்கும் வழி திறந்தது.

2. வினை

ஒளிவினையூக்கியான இச்சேர்மத்தின் அனடேஸ் என்னும் படிக வடிவத்தில் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதைத் தாண்டும் ஒளி பட்டால் எலக்ட்ரான் மேலே தாவும்; அது விட்ட இடம் துளையாக நிற்கும். துளை நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பை உண்டாக்கும். கரிமப் பொருளைச் சிதைப்பது பெரும்பாலும் அதுவே. ஆனால் பெரும்பாலான எலக்ட்ரான்கள் மேற்பரப்பை எட்டுமுன் துளையோடு மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. துகள் சிறிதானால் மேற்பரப்பு அருகில் இருக்கும், பரப்பும் பெருகும். சந்தையில் கிடைக்கும் பி25 என்னும் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 50 சதுர மீட்டர் பரப்பு. தேவைப்படும் புற ஊதாவோ வெயிலில் சுமார் 5 விழுக்காடுதான்.

3. அளவீட்டில் ஒரு மயக்கம்

இவ்வினையைச் சோதிக்க ஆய்வகங்கள் பெரிதும் நாடுவது மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை. நீலம் வெளுப்பதைக் கருவியில் எளிதாக அளக்கலாம் அல்லவா! ஆனால் சாயம் துகளில் ஒட்டிக்கொண்டாலும் நிறம் குறையும். சாயமே ஒளியை உறிஞ்சித் தன்னைச் சிதைத்துக்கொண்டாலும் குறையும். நிறந்தரும் பிணைப்பு மட்டும் அறுந்து, மீதி மூலக்கூறு நீரில் நிறமின்றி மிதக்கவும் கூடும். மொத்தக் கரிமக் கார்பனை அளக்காமல் வெளுப்பை மட்டும் காட்டும் வரைபடத்தை நான் நம்புவதில்லை.

4. திருப்பூர்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் சாயத்தைவிட உப்புக்கே பெரும்பங்கு. பருத்தியில் சாயம் ஏறுவதற்காகச் சேர்க்கும் உப்பு அப்படியே கழிவில் வருகிறது. ஒளிவினையூக்கி உப்பை அகற்றாது. உப்பிலுள்ள குளோரைடோ ஹைட்ராக்சில் தனியுறுப்பைப் பறித்து வினையையே தளர்த்தும். 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின், சவ்வூடு வடிப்பும் ஆவியாக்கலும் தவிர்க்க முடியாதவை ஆயின. அடர்நிறக் கழிவுக்குள் ஒளியும் ஆழமாக இறங்காது. நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பைத் தாண்டியும் எஞ்சும் வெளிர்நிறக் கரிமச் சுவடே இத்துகளுக்கு ஏற்ற வேலை.

5. துகளை மீட்டல்

நீரில் கலந்த நானோ துகளை வடிகட்டி எடுப்பது கடினம். விட்டுவிட்டால் அதுவே மாசு. கண்ணாடியில் பூசி நிறுத்தினால் இழப்பு குறையும். ஆனால் நானோ அளவு தந்த பரப்பில் பெரும்பகுதி பூச்சுக்குள் புதைந்துபோகிறது.