வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்: ஆண்களுக்கான முன்தடுப்புப் பரிசோதனைகள்

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் கீழே தென்னந்தோப்பிலோ மாந்தோப்பிலோ உழைப்பவராக நீங்கள் இருக்கலாம். இராஜபாளையத்து நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்ப்பவராகவும் இருக்கலாம். பரிசோதனைக்கு அழைத்தால் இரு சாராரும் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் கூறுகின்றனர்: "எனக்கு என்ன, வேலை செய்கிற உடம்பு." உழைப்பு உடலுக்கு நல்லதே. ஆயினும் உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவு நோயும் உழைப்பவரை விலக்கிவைப்பதில்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 30 பேர் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அல்லது அதற்காக மருந்து உட்கொள்பவர்கள். பெண்களில் இது ஏறத்தாழ 25.

இவ்விரு நோய்களும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. தலைசுற்றல், கால் மரத்துப்போதல், கண் மங்கல் ஆகியவை தோன்றும்போது சிறுநீரகமோ விழித்திரையோ நரம்புகளோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். சிலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதமாக அமைந்துவிடுகிறது.

வீடு தேடி வரும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டிற்கே வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்கின்றனர். நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரைகளை வீட்டிலேயே வழங்குகின்றனர். ஆனால் அவர்கள் பகலில் வருகின்றனர். அந்நேரத்தில் வீட்டில் இருப்போர் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும்தாம். குடும்பத் தலைவர் தோட்டத்திலோ ஆலையிலோ இருப்பார். இரவு வேலை முடித்தவர் உறங்கிக்கொண்டிருப்பார். பணியிடத்திற்கே சென்று தொழிலாளர்களைப் பரிசோதிக்கும் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். உங்கள் ஆலையில் அத்தகைய முகாம் நடந்தால் வரிசையில் நில்லுங்கள். நடக்காவிட்டால் உங்களுக்கு வார விடுமுறை எந்நாள் என்பதைத் தன்னார்வலரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்குமாறு வீட்டாரிடம் கூறுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும், திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் அரசு மருத்துவமனைகளிலும் இச்சோதனைகளைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

30 வயதைக் கடந்த அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ள வேண்டும். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் தேநீர், காபி, பீடி, சிகரெட் ஆகியவற்றைத் தவிர்த்து, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருங்கள். சைக்கிள் மிதித்து வந்த மூச்சிரைப்போடு கையை நீட்டினால் அளவு கூடுதலாகவே காட்டும். வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். ஒருமுறை கூடியிருப்பதைக் கொண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை; ஆனால் மறுமுறை அளக்காமல் விடவும் கூடாது. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்து, மீண்டும் சோதித்து உறுதியானால் நீரிழிவு நோயாகக் கருதப்படும். 100 முதல் 125 வரை இருப்பது எச்சரிக்கை நிலை. உணவாலும் நடையாலும் பலரால் மீள முடிகிற கட்டம் இதுவே.

இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்கு மேல் இருப்பது இந்திய ஆண்களுக்கு எச்சரிக்கைக் குறி. கைகால்கள் மெலிந்து வயிறு மட்டும் பெருத்திருப்பவரும் இதில் அடங்குவர்.

மாத்திரை தொடங்கியவர்கள் செய்யும் பெருந்தவறு ஒன்று உண்டு. அளவு சீரானதும், "சரியாகிவிட்டது" எனத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். அளவு சீராக இருப்பது மாத்திரையால்தான். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

பஞ்சுத் தூசியும் திங்கட்கிழமை மூச்சிறுக்கமும்

நூற்பாலையில், குறிப்பாகப் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், கார்டிங் பிரிவுகளில் வேலை செய்வோர் இதைக் கருத்துடன் படிக்கவும். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மட்டும் நெஞ்சு இறுகி, இருமலும் மூச்சுத்திணறலும் வந்து, மறுநாள் தணிந்துவிடுகிறதா? அது சளியன்று, பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோயின் தொடக்கமாக இருக்கலாம். இந்நிலையில் தூசியைத் தவிர்த்தால் பெரும்பாலும் குணமாகும். பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டால் மூச்சுத்திணறல் வாரம் முழுவதும் நீடித்து நிலைத்துவிடும். புகைபிடிப்பவர்களுக்குப் பாதிப்பு மேலும் கடுமையாகும். மூக்கையும் வாயையும் சரியாக மூடும் முகக்கவசத்தை அணியுங்கள். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. மருத்துவரிடம் செல்லும்போது உங்கள் தொழிலையும், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டுகள் வேலை செய்கிறீர்கள் என்பதையும் தவறாமல் கூறுங்கள். இந்த ஒரு தகவல் இல்லாமல் பலர் ஆண்டுக்கணக்கில் இருமல் மருந்து மட்டுமே வாங்கிச் செல்கின்றனர்.

புகையிலை, மது, உப்பு

புகையிலையை மெல்லுபவர்களும் புகைப்பவர்களும் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள். இரண்டு வாரத்தைக் கடந்தும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுவதும் திறக்க முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். புகையிலையை விட விரும்புவோர்க்கு 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றி வழிகாட்டப்படும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் அமைய வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை அறவே மறுக்கச் சொல்லவில்லை. அதை நாள்தோறும் உண்பதுதான் சிக்கல்.

வீட்டில் உள்ளோர் கவனத்திற்கு

"ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று நச்சரிப்பதைவிட, "நானும் சோதித்துக்கொள்கிறேன், சேர்ந்து போவோம்" என்று அழைப்பது எளிதாகப் பலிக்கிறது. முடிவுகளைத் தேதியுடன் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். உறக்கமின்மை, ஓயாத எரிச்சல், குடி மிகுதல், எவரோடும் பேசாதிருத்தல் ஆகியவை ஆண்களிடம் மனச்சோர்வின் முகங்களாக இருக்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். 50 வயதைக் கடந்தவர் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்தாலோ, சிறுநீர் தடைப்பட்டு வந்தாலோ வயதின் இயல்பென விடாமல் அழைத்துச் செல்லுங்கள்.

நெஞ்சின் நடுவே அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றினால் வாய்வு என்று எண்ணிச் சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பர். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயாளியை இருசக்கர வண்டியை ஓட்டிச் செல்ல விடாதீர்கள்.