குறுக்குக் கோடும் தலை வட்டமும்

நாங்கள் ஸ்ட்ரோம்மன் என்று தமிழில் எழுதுகிறோம். ஆனால் அதில் வருகிற 'ஓ' எங்கட 'ஓ' இல்லை. நோர்வேஜியர் அதை வட்ட எழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து எழுதுவார்கள். வாயை 'ஒ' சொல்லக் குவித்துக்கொண்டு, நாக்கை 'எ' சொல்லும் இடத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஒலி தானாக வரும். ஊர்ப் பெயரின் பொருள் நீரோட்டம்.

நோர்வேஜிய நெடுங்கணக்கில் 29 எழுத்துகள். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளோடு கடைசியில் மூன்று சேர்கின்றன: இரண்டு உயிர்கள் ஒட்டிப் பிறந்த எழுத்து, குறுக்குக் கோட்டு எழுத்து, தலையில் சிறு வட்டம் வைத்த எழுத்து. இவை வெறும் அலங்காரம் இல்லை. 'கௌரவம்', 'காது', 'துடுப்பு' என்ற மூன்று நோர்வேஜியச் சொற்களுக்கும் முதல் எழுத்து மட்டுந்தான் வித்தியாசம். அந்த முதல் எழுத்துகள் இந்த மூன்றுந்தான்.

தலை வட்டத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1814 வரை நோர்வே டென்மார்க் மன்னரின் கீழ் இருந்தது. சனம் கதைத்தது ஒன்று, எழுதியது டேனிஷ். 1813இல் பிறந்த ஈவார் ஓசன் ஊர் ஊராகத் திரிந்து கிராமத்துப் பேச்சைச் சேகரித்தார். 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளியிட்டார். அந்த வழியில் வந்த எழுத்துமொழிக்கு 1885இல் பாராளுமன்றம் சம உரிமை கொடுத்தது. 1917இல் இரட்டை 'ஆ'வுக்குப் பதிலாகத் தலை வட்ட எழுத்து சட்டமாயிற்று. டென்மார்க் அதை 1948இல்தான் ஏற்றது. ஓசனின் பெயரில் மட்டும் இரட்டை 'ஆ' இன்றும் அப்படியே நிற்கிறது, வாசிப்பதோ 'ஓ'.

இது எங்களையும் தொடுகிற விஷயம். கடவுச்சீட்டில் 'ஆனந்தன்' என்ற பெயரை இரட்டை 'ஆ' போட்டு எழுதினால், இங்கே 'ஓனந்தன்' என்று கூப்பிட இடமுண்டு. ஜகர எழுத்தை இவர்கள் 'ய' என்று வாசிப்பதால் ராஜன் ராயனாகிறார். பிழை எங்கட பெயரிலும் இல்லை, அவர்களின் நாக்கிலும் இல்லை. ஒரே எழுத்துக்கு இரண்டு நாட்டில் இரண்டு சரித்திரம், அவ்வளவுதான்.

பாரிசில் இருக்கிற எங்கட சொந்தக்காரருக்கும் இதே பாடுதான். நாங்கள் ஸ்ட்ரோம்மனில் குவிக்கிற வாயைத்தான் அவர்களும் அங்கே குவிக்கிறார்கள். பிரெஞ்சில் எழுத்தின் தலையில் வலப்பக்கம் ஏறுகிற கோடு வந்தால் ஒடுங்கிய 'ஏ'. இடப்பக்கம் ஏறினால் விரிந்த 'எ'. தொப்பி போட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே முன்பு ஒரு 'ஸ்' இருந்து செத்திருக்கிறது. 'ஹொஸ்பிட்டல்' அவர்களிடம் 'ஒப்பித்தால்' ஆனது அப்படித்தான். 1530ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் அச்சுக்காரர் தொடங்கிய இந்தக் குறிகள், 1740இல் பிரெஞ்சு அக்கடமியின் மூன்றாம் அகராதியில்தான் ஓரளவு ஒழுங்குக்கு வந்தன. 1990இலும் தொப்பியைக் குறைக்கச் சொன்னார்கள், சண்டை இன்னும் முடியவில்லை.

தமிழ் மட்டும் என்ன, அசையாமல் நின்றதா? தொல்காப்பியக் காலத்தில் குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி வைத்தார்கள். பிறகு சுவடிகளில் புள்ளி மறைந்து, குறிலும் நெடிலும் ஒன்றாய்த் தெரிந்தன. அதைப் பிரித்துக் காட்ட வழி செய்தவர் என்று இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவரைச் சொல்வார்கள். பெரியார் 1935இல் 'குடிஅரசு' பத்திரிகையில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. எங்கட அப்பு, ஆச்சிமார் எழுதின பழைய 'லை'யைப் பிள்ளையளுக்கு இப்ப வாசிக்கத் தெரியாது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? நோர்ஸ்க் வகுப்பில் ஐம்பது வயது அம்மா குறுக்குக் கோட்டு எழுத்தில் தடக்குப்படுகிறா. தமிழ் வகுப்பில் அவவின் பேத்தி ழகரத்தில் தடக்குப்படுகிறாள். ஒருவரைப் பார்த்து மற்றவர் சிரிக்கிறார்கள். சிரிப்பைக் கேட்டுக் கேட்டு இரண்டு பேருமே வாயைத் திறக்காமல் விட்டால், ஒரு வீட்டுக்குள்ளேயே கதை நின்றுபோகும். ஒரு குறி ஊன்றி நிற்க நாடுகளுக்கே நூற்றாண்டுகள் பிடித்தன. மனிசருக்குக் கொஞ்சக் காலமாவது கொடுக்க வேண்டாமா?

இந்தச் சித்திரைக்கு வீட்டில் ஒரு வழக்கம் தொடங்குவோம். பேத்தி அம்மம்மாவுக்கு ஒரு நோர்ஸ்க் எழுத்து, அம்மம்மா பேத்திக்கு ஒரு தமிழ் எழுத்து. எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.